கரண்ட் இல்லாத கந்தோரின் நேரசூசி

தம்பிமார், தங்கைமார், உங்களுக்கு முன்னால் என்னை நிறுத்தி, "ஐயா, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். கம்பத்தில் எப்படி ஏறுவது, எந்தக் கம்பியை எப்போது தொடலாம் என்பதையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே படிப்பித்திருப்பார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருடம் மின் பகுதியில் வேலை செய்து, ஒரு தடவைகூட ஷொக் அடிக்காமல் ஓய்வு பெற்றவன் நான். அதைப் பெரிய திறமை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ஐந்து வருடம் கம்பியில் மின்சாரமே இருக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் அந்த ஐந்து வருடத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். மின்சாரம் இல்லாத ஒரு மின் அலுவலகத்தை, அதுதான் எங்கள் கந்தோரை, நான் ஒரு நிமிடமும் பிசகாமல் நடத்தினேன். அந்த நாட்களில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்துக்கு ஒரு பெயர் உண்டு, மெற்றில்டா. எங்கள் கந்தோரில் படவரைஞராக இருந்த பிள்ளை. எந்த வீதியால் எந்தக் கம்பி போகிறது, எந்தக் கம்பம் எங்கே நிற்கிறது என்று வரைபடம் வரைவது அவளுடைய வேலை.

அவளுடைய கதைக்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்பது உங்களுக்கு விளங்காது.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கம். கலவரத்துக்கு முந்திய மாதங்கள். நான் அப்போது சாதாரண ஃபிற்றர். கொழும்பில் ஒரு தொழினுட்ப நிறுவனம் வருடத்துக்கு ஒரு முறை ஒரு பரீட்சை நடத்தும். விண்ணப்பத்தை நாங்களே நேரே அனுப்பலாம், கந்தோர் மூலம் போகத் தேவையில்லை. ஆனால் அதில் தேறியவர்கள்தான் அத்தியட்சகர் பதவிக்கு வரலாம். கம்பம் ஏறுகிறவன் கதிரையில் இருப்பதற்கு அது ஒன்றுதான் வழி. இரண்டு வருடம் படித்து, விண்ணப்பம் போட்டு, லீவும் எடுத்து வைத்திருந்தேன்.

ரயில் ஏற வேண்டிய நாள் காலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கத்து மின்மாற்றி எரிந்துபோனது. அங்கே அன்று நல்ல மீன்பாடு. ஐஸ் இல்லாவிட்டால் கரைக்கு வந்த மீன் முழுவதும் பழுதாகிவிடும். எல்லாருடைய லீவும் ரத்து என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். நான் பரீட்சையை மறந்துவிட்டு கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு லொறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்போதைய அத்தியட்சகர் தெல்லிப்பழைக்காரர். ஐம்பத்து நாலு வயது, கொஞ்சம் தொந்தி, வாயில் எப்போதும் வெற்றிலை. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"நீ ஏன் இஞ்சை நிக்கிறாய்?"

"லீவு ரத்தெண்டு போட்டிருக்கு, ஐயா."

"ரத்துத்தான். இண்டைக்கும் நாளைக்கும் நீ மயிலிட்டியிலை எண்டு புத்தகத்திலை எழுதிப்போட்டன். இனி நீ எங்கை போனாலும் எனக்குத் தெரியாது. ரெயில் எத்தினை மணிக்கு?"

"அப்ப மயிலிட்டிக்கு ஆர் போறது?"

"ஏன், எனக்குக் கம்பம் ஏறத் தெரியாதெண்டு நினைச்சியோ? நீ பிறக்கேக்கை நான் கம்பத்திலை நிண்டவன். போ, போ. பெயில் விட்டியெண்டால் இந்தப் பக்கம் வராதை."

அவர் உண்மையாகவே வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு மயிலிட்டிக்குப் போனார். அன்றிரவே கரண்டைக் கொடுத்து, மறுநாள் பின்னேரத்துக்குள் மிச்ச வேலையையும் முடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறினேன்.

சில மாதங்கள் கழித்துக் கணக்காய்வுக்கு வந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். என் தனிப்பட்ட கோப்பில் பரீட்சைச் சான்றிதழ் இருந்தது, அதில் திகதி இருந்தது. அதே திகதியில் நான் மயிலிட்டியில் வேலை செய்ததாகப் புத்தகம் சொன்னது. ஐயாவிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, முப்பது வருடச் சேவையில் அவருக்கு வந்த முதலாவது எச்சரிக்கை.

நான் போய் அவருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உன்ரை சோதினை பாஸ். என்ரை சோதினை பெயில். சராசரி பார்த்தால் ரெண்டுபேரும் தப்பியிட்டம்" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு நான் ஒரு பாடம் படித்தேன். பிழையான பாடம். ஒரு மனிதன் தன் கீழ் வேலை செய்கிறவனுக்காக எவ்வளவு தூரம் வளைந்து கொடுப்பான் என்பதை நான் படித்திருக்க வேண்டும். நான் படித்ததோ, புத்தகத்தில் ஒரு வரியும் பிசகக்கூடாது என்பதை. அந்த நல்ல மனிதருக்கு வந்த அவமானம் இன்னொரு முறை என் கந்தோரில் யாருக்கும் வரக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டேன். நல்ல நோக்கம்தான். நல்ல நோக்கத்தோடு செய்த பிழையைத் திருத்துவதுதான் கஷ்டம், ஏனென்றால் அது பிழை என்றே தெரியாது.

எண்பத்தெட்டில் நான் அத்தியட்சகர் கதிரையில் இருந்தேன். தொண்ணூறாம் ஆண்டு நடுப்பகுதியில் சண்டை மறுபடி தொடங்கியது. சில வாரங்களில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் கரண்ட் போனது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மாதங்கள் போயின.

ஆனால் நாங்கள் அரசாங்க உத்தியோகத்தர். சம்பளம் வந்தது. அதனால் கந்தோருக்குப் போனோம். காலை எட்டரைக்குக் கையெழுத்து, பின்னேரம் நாலேகாலுக்குக் கையெழுத்து. இடையில் என்ன செய்வது என்பதற்கு நான் ஒரு நேரசூசி போட்டு, சைக்ளோஸ்டைல் பேப்பரின் பின்பக்கத்தில் அழகாக எழுதிப் பலகையில் ஒட்டினேன். திங்கள், களஞ்சியம் எண்ணுதல். செவ்வாய், கம்பங்களைப் பார்வையிடல். புதன், வரைபடங்களைத் திருத்துதல். வியாழன், கருவிகளுக்கு எண்ணெய் பூசுதல். வெள்ளி, வாராந்த அறிக்கை. கரண்ட் இல்லாத ஊரில் கிழமைக்கு ஒரு அறிக்கை. அதை அனுப்பக் கொழும்புக்குத் தபாலும் ஒழுங்காகப் போகவில்லை. நான் எழுதி எழுதிக் கட்டிவைத்தேன்.

கம்பம் பார்க்கப் போன தொழிலாளிகள் வந்து சொல்வதை எழுதிக்கொள்வேன். இந்தக் கம்பம் ஷெல் பட்டு விழுந்துவிட்டது, அந்தக் கம்பத்தைப் பங்கருக்கு மேலே அடுக்க யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இந்தத் துண்டுக் கம்பியில் ஒரு வீட்டுக்காரி உடுப்புக் காயப் போட்டிருக்கிறாள். "உடுப்பு" என்பதை அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று ஒரு நாள் அரைமணித்தியாலம் யோசித்திருக்கிறேன். அப்படியொரு செக்குமாடு நான்.

மற்றவர்கள் அப்படி இருக்கவில்லை. எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் எரிந்த மோட்டர்களுக்குக் கம்பி சுற்றப் பழகினார். ஒரு லைன்மேன் சைக்கிள் டைனமோவில் ரேடியோவை ஓட வைத்தான், ஊர் முழுக்க அவனைத் தேடி வந்தது. ஊரே புதிதாய் ஏதோ ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. அத்தியட்சகர் பரீட்சைக்கு மேலே இன்னும் இரண்டு பகுதிகள் உண்டு. அவற்றில் தேறினால் பொறியியலாளர் தரம். மாலை ஆறு தொடக்கம் எட்டு வரை படிப்பு என்று வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். மாலை ஆறு மணிக்கு லைட் இல்லை. அதனால் படிப்பும் இல்லை. பகல் முழுவதும் வெளிச்சத்தில் சும்மா இருந்தேன், அந்த நேரம் கந்தோர் நேரம். "கரண்ட் வரட்டும், தொடங்குவம்" என்று மனைவியிடம் சொல்வேன். அவள், "கரண்ட் வாறதுக்கிடையிலை உங்களுக்குப் பென்சன் வந்திடும்" என்பாள். நான் கோபிப்பேன். கடைசியில் கரண்ட் வந்தது, பென்சனும் வந்தது, படிப்பு மட்டும் தொடங்கவில்லை. அந்தப் பகுதிகளை நான் எழுதவே இல்லை. அது என் சொந்த நட்டம், அதை நான் தாங்கிக்கொள்வேன். மற்றவருக்குச் செய்த நட்டம் அப்படியில்லை.

மெற்றில்டா குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கடலில் காணாமல் போனவர். மூத்த அண்ணனும் கடல் தொழிலாளி, ஆனால் அந்த வருடங்களில் கடலுக்குப் போகத் தடை. தாய், இரண்டு தங்கச்சிமார், எல்லாருக்கும் அவளுடைய சம்பளம்தான். கை நல்ல சுத்தம். அவள் வெறுங்கையால் கோடு போட்டால் அளவுகோலுக்கே வெட்கமாக இருக்கும். அவளுக்கு அந்தக் கொழும்புப் பரீட்சை எழுத வேண்டும் என்று ஆசை. பெண்ணொருத்தி மின் அத்தியட்சகராக வருவது அந்த நாளில் நாங்கள் கேள்விப்படாத விஷயம். எங்கள் கந்தோரில் அத்தியட்சகரைச் சுருக்கமாகச் "சுப்றின்" என்போம்; அவளைச் சிலர் "லேடி சுப்றின்" என்று பகிடி பண்ணினார்கள். அவள் கோபிக்கவில்லை. "வந்தாப்பிறகு உங்களுக்குத்தான் முதல் செவ்வாய்க்கிழமை கம்பம் எண்ணுற வேலை" என்று திருப்பிச் சொல்வாள்.

தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் என் மேசைக்கு வந்தாள்.

"சேர், நீர்வேலியிலை ஒரு பென்சன் எடுத்த விரிவுரையாளர் இருக்கிறார். செவ்வாயும் வியாழனும் மத்தியானத்துக்குப் பிறகு வந்தால் படிப்பிக்கிறன் எண்டு சொல்லுறார். ரெண்டு மணிக்கு என்னை விடுவியளோ? அந்த வேலையை நான் சனிக்கிழமை வந்து செய்து தாறன்."

யோசித்துப் பாருங்கள். வேலையே இல்லாத கந்தோர். வியாழக்கிழமை மத்தியானம் அவள் இருந்து என்ன செய்யப் போகிறாள்? மற்றவர்கள் குறட்டுக்கு எண்ணெய் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொன்னேன், "கந்தோர் நேரம் கந்தோர் நேரம்தான் பிள்ளை. உமக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் கேப்பினம்."

எல்லாரும் கேட்டிருக்கலாம். எல்லாரும் ஏதாவது படித்திருக்கலாம். கரண்ட் திரும்பி வந்தபோது குடாநாட்டிலேயே அதிகம் படித்த மின் கந்தோர் எங்களுடையதாக இருந்திருக்கும். அந்த யோசனை அன்று எனக்கு வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அவள் தானாகவே படித்தாள். நீர்வேலிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில், காலைப் பூசை முடிய, சைக்கிளில் போனாள். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் அந்த மனுஷனின் வீடு இருந்ததாம். சம்பளமாகக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தாளாம், அவர் சைவக்காரர் என்று பிறகுதான் தெரியவந்ததாம். இதையெல்லாம் அவள் மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரிக்கும்போது நான் காதில் வாங்கியிருக்கிறேன். நேரே அவளிடம் கேட்டதில்லை.

தொண்ணூற்று மூன்றில் விண்ணப்பம் அனுப்பினாள். அனுமதி அட்டை வர நாள் எடுத்தது. அது ஒரு புதன்கிழமை வந்து சேர்ந்தபோது பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவது இப்போதுபோல ஒரு ராத்திரி வேலையில்லை. கிளாலிக்குப் போய், அங்கே நீரேரியை வள்ளத்தில் கடந்து, வன்னிக்குள்ளால் வவுனியா போய், சோதனை எல்லாம் தாண்டிப் போகவேண்டும். நாலு நாளும் ஆகும், ஒரு கிழமையும் ஆகும். வெளியே போவதற்குப் பாஸ் வேண்டும். அவள் பாஸை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். அவளுடைய அண்ணன் அந்த நாளில் தன் வள்ளத்தைக் கிளாலிக்குக் கொண்டுபோய் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குக் கையெழுத்து வைத்த கையோடு என் மேசைக்கு வந்தாள்.

"சேர், அனுமதி அட்டை வந்திட்டுது."

"சந்தோசம். லீவுக்கு எழுதித் தாரும்."

"எழுதிக்கொண்டு வந்திட்டன் சேர். இண்டைக்குப் பின்னேரம் நான் கிளாலிக்குப் போகோணும். அண்ணை இண்டைக்கு வள்ளம் விடுறார். நாளையிலையிருந்து ஓடுமோ தெரியாதெண்டு சொல்லுறார். அங்காலை நிலமை சரியில்லையாம்."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பதினைந்து நாள் லீவு கேட்டிருந்தாள்.

"இவ்வளவு நாள் லீவு நான் குடுக்கேலாது பிள்ளை. இஞ்சினியர் கையெழுத்து வைக்கோணும். அவர் திங்கட்கிழமைதான் வருவார்."

"திங்கட்கிழமை வள்ளம் இருக்காது சேர்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே. திங்கட்கிழமை பாப்பம்."

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அவசர லீவு மூன்று நாள் நானே கொடுக்கலாம். அந்த மூன்று நாளோடு அவளை அனுப்பிவிட்டு, மிகுதிக்குத் திங்கட்கிழமை இஞ்சினியரிடம் கையெழுத்து வாங்கலாம். அதில் பொய் இல்லை, களவு இல்லை. என் பழைய அத்தியட்சகர் ஐயா செய்ததுபோலப் புத்தகத்தில் பிழையாக எழுதக்கூடத் தேவையில்லை. எனக்கு அது தெரியும். தெரியாமல் இருந்தால் இன்றைக்கு உங்களுக்கு முன்னால் இவ்வளவு கூச்சப்பட மாட்டேன். ஆனால் அவசர லீவு என்பது சாவு, நோய் வருத்தம் போன்றவற்றுக்கு என்று என் மனதில் ஒரு வழக்கம் ஊறியிருந்தது. பரீட்சை அவசரமா என்று அந்த நிமிடத்தில் யோசிக்க வேண்டியிருந்தது. யோசிப்பதைவிட மறுப்பது சுகமாக இருந்தது.

லீவு இல்லாமலே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போயிருந்தால் வேலையைக் கைவிட்டுப் போனதாகக் கடிதம் போகும். அந்த வீட்டில் நாலு பேர் அவளுடைய சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஓம் சேர்" என்றாள்.

போய்த் தன் இடத்தில் இருந்து, முதல் நாள் மிச்சம் விட்ட வரைபடத்தை வரைந்தாள். வலிகாமம் வடக்குப் பக்கத்து வரைபடம் அது. அதில் அவள் குறித்த கம்பங்களில் பாதி அப்போது நிலத்தில் இல்லை, மிச்சப் பாதி நிற்கும் இடங்களில் இராணுவம் இருந்தது, அங்கே எங்களில் யாரும் போக முடியாது. மத்தியானம் சாப்பாட்டுப் பொதியைத் திறக்கவில்லை. நாலேகாலுக்குக் கையெழுத்து வைத்தாள். கையெழுத்து வழக்கம்போல ஒழுங்காக இருந்தது. அதைக்கூடக் கவனித்தேன் பாருங்கள். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொடக்கம் கிளாலியில் வள்ளம் ஓடவில்லை. மூன்று கிழமைக்குப் பாதை அடைத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை இஞ்சினியர் வந்தார். லீவுக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உந்தக் கடிதத்தை ஏன் ஐசே எனக்கெண்டு வைச்சிருந்தனீர்? அவவை அனுப்பிப்போட்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே."

கையெழுத்தைப் போட்டுக் கடிதத்தைத் தள்ளிவிட்டார். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி நான்தான். அனுமதிக்கப்பட்ட லீவுக் கடிதத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். "நன்றி சேர்" என்று வாங்கி, அவளே கோப்பில் போட்டாள். லீவை எடுக்கவில்லை. எங்கே போவதற்கு எடுப்பது?

பிறகு பல வருடம் நான் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிளாலியில் அந்தக் காலத்தில் நேவியின் சூடு பட்டு, வள்ளத்தோடு போய்த் திரும்பாதவர்கள் உண்டு. ஒரு குமர்ப்பிள்ளையை அந்தத் தண்ணீரில் அனுப்பி ஏதாவது நடந்திருந்தால், நான் அவளைக் காப்பாற்றியல்லவோ இருக்கிறேன் என்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வியாழக்கிழமை போன வள்ளங்கள் எல்லாம் பத்திரமாகக் கரை சேர்ந்தன. அதுகூடப் பரவாயில்லை. உண்மை என்னவென்றால், அவள் என் மேசைக்கு முன்னால் நின்றபோது அந்த ஆபத்து எனக்கு ஞாபகம் வரவேயில்லை. எனக்கு ஞாபகம் வந்தது பலகையில் ஒட்டியிருந்த என் நேரசூசி மட்டும்தான்.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியதை நான் இப்படிச் சொல்வேன். திட்டம் போடுங்கள். திட்டமில்லாத ஆள் கடைசியில் மற்றவன் போட்ட திட்டத்துக்குள் சீவிப்பான். ஆனால் நீங்கள் திட்டம் போட்ட நாளில் இருந்த உலகம் மாறிவிட்டதா என்று கிழமைக்கு ஒரு முறையாவது எட்டிப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு லைட் இல்லையென்றால் காலை ஆறு மணிக்குப் படியுங்கள். நான் அதைச் செய்யவில்லை. என்னால் முடியாததை இன்னொருத்தி செய்யப் போனபோது அவளையும் விடவில்லை. கந்தோர் வழக்கம் என்பது யாரையோ ஒரு கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். அது ஆளை ஏறவிடாமல் மறித்தால், அதற்குப் பொறுப்பாக இருக்கிறவன் கொஞ்சம் தலையைப் பாவிக்க வேண்டும். அதற்குத்தான் அவனுக்குக் கதிரை கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவோடு என் பிழை முடிந்தது என்றுதான் நானும் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் முடிவில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே நாளில் வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் போனது உங்கள் வீடுகளில் பெரியவர்கள் சொல்லி நீங்கள் அறிந்திருப்பீர்கள். மழையில், அங்குலம் அங்குலமாக. என் சைக்கிள் கரியரில் நான் கட்டிக்கொண்டு போனது என்ன தெரியுமா? வரவுப் பதிவேடுகள். என் மனைவி அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்துவந்தாள். அந்தப் பதிவேடுகளை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. ஈரம் பிடித்து ஒட்டிப்போய்க் கடைசியில் கறையானுக்குப் போயின.

சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் அடுத்த வகுப்பறையில் மெற்றில்டாவும் தாயும் தங்கச்சிமாரும். மூன்று கல்லு வைத்து, ஈர விறகை ஊதி ஊதித் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"இரும் பிள்ளை, இரும். இஞ்சை ஏது கந்தோர்" என்றேன்.

முதல் முறையாக நாங்கள் இரண்டு பேரும் மேசை இல்லாமல் பேசினோம். எங்கே என்ன விட்டுவிட்டு வந்தோம் என்று பேசினோம். அவளுடைய அண்ணனைப் பற்றிக் கேட்டேன், இருக்கிறார் என்றாள். பிறகு அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். அந்த இடைவெளியில் எனக்குத் துணிவு வந்தது.

"பிள்ளை, உமக்கு நான் ஒரு அநியாயம் செய்துபோட்டன். அண்டைக்கு உம்மை விட்டிருக்கோணும். எனக்கு விடுறதுக்கு வழி இருந்தது. என்னை மன்னிச்சுக் கொள்ளும்."

அவள் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"அதை விடுங்கோ சேர். அண்டைக்கு நீங்கள் விட்டிருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பனோ ஆருக்குத் தெரியும். அதுக்கு நான் உங்களோடை கோவிக்கேல்லை."

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அவள் ஒரு சிரட்டையால் தணலைக் கிளறிவிட்டு மறுபடி சொன்னாள்.

"அடுத்த வருஷமும் விண்ணப்பம் போட்டனான் சேர். அனுமதி அட்டையும் வந்தது."

"எனக்குத் தெரியாதே. நீர் சொல்லேல்லையே."

"ஓம், நான் சொல்லேல்லை. ஒருக்கால் கேட்டு இல்லையெண்ட பிறகு, திருப்பி வந்து கேக்க எனக்கு வாய் வரேல்லை. ரெண்டு கிழமை அட்டையைக் கந்தோர் மேசை லாச்சிக்குள்ளை வைச்சுக்கொண்டு இருந்தன். அந்த முறை வள்ளமும் ஓடினது, அண்ணையும் ஒவ்வொரு நாளும் போவமோ, போவமோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தார். படிப்பு எப்பிடி, இந்த வருஷம் போகேல்லையோ எண்டு நீங்கள் ஒருக்கால் கேப்பியள் எண்டு பாத்தன் சேர்."

தேத்தண்ணியை வடித்து முதல் கோப்பையை எனக்குத் தந்தாள். நான் வாங்கினேன்.

மெற்றில்டா அந்தப் பரீட்சையை எழுதவேயில்லை. படவரைஞராகச் சேர்ந்தவள் படவரைஞராகவே ஓய்வு பெற்றாள். தொண்ணூற்று நாலாம் ஆண்டின் அந்த இரண்டு கிழமையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். குற்ற உணர்ச்சியில் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் திரிந்த காலம் அது. கந்தோரில் வேலை ஒன்றும் இல்லை. என் கதிரைக்குப் போவதானால் அவளுடைய மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை எட்டரைக்கு ஒரு முறை, பின்னேரம் நாலேகாலுக்கு ஒரு முறை, நான் நாள் தவறாமல் தாண்டிப் போனேன்.